32 பக்கமும் ஒரு மாசி மாதமும்

வணக்கம்ங்க அக்கா,

நான் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் இல்லஸ்ட்ரேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மொடக்குறிச்சிப் பக்கம். சிறுவர் புத்தகங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன்.

இந்த மாசி மாதம் என்னைப் பிழிந்துவிட்டது. செமஸ்டருக்கு 32 பக்கத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் தர வேண்டும். கதை என்னுடையது. மஞ்சள் வெட்டு நடக்கும் நாளில், ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், நிறைந்த வீட்டிலிருந்து தொலைந்துபோன வெள்ளாட்டுக்குட்டியை ஒரு சிறுமி தேடுகிறாள். எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது. அதே மாதத்தில் எங்கள் காட்டிலேயே மஞ்சள் வெட்டு, பெரியப்பா மகளுக்குக் கல்யாணம், போதாததற்குக் கல்யாண ஜோடிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்து தரும் ஆர்டர்கள் வேறு. ஃபீஸுக்கு அந்தப் பணம் வேண்டும், அதனால் விட முடியவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. நிப்புப் பேனாவில் மை தொட்டு வரையப் பழகிவிட்டேன். ரயிலில் போகும்போது வரைந்து ஒரு ஸ்கெட்ச்புக் நிறைந்துவிட்டது. அந்தப் படங்கள்தான் உயிரோடு இருக்கின்றன என்று தோழிகள் சொல்கிறார்கள். ஆனால் புத்தகத்தில் எட்டு இரட்டைப் பக்கம்தான் முடிந்திருக்கிறது. முதல் பக்கத்துச் சிறுமியும் எட்டாவதில் வரும் சிறுமியும் அக்கா தங்கை மாதிரி இருக்கிறார்கள். பிரஸ்ஸில் ஒரு ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்துப் பார்த்தால் பச்சையெல்லாம் செத்துக் கிடக்கிறது. "ஒவ்வொரு படமும் நல்லா இருக்கு, புத்தகமா இல்ல" என்றார் எங்கள் சார். மணிக்கட்டு வலிக்கிறது. ஒரு மணிநேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை. அப்பா நேற்று, "இப்பெல்லாம் கம்ப்யூட்டரே வரையுதாமா, அப்பறம் இது எதுக்கு கண்ணு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் வெசனமாக இருக்கிறது.

நான் முன்னேறுகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. எட்டுப் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓவிய மாணவி

*

அன்புள்ள அம்மிணி,

படங்களைப் பெரிதாக்கியும் பார்த்தேன், எட்டையும் ஒரே திரையில் சின்னதாக அடுக்கியும் பார்த்தேன். பெரிதாகப் பார்க்கும்போது உங்கள் தோழிகள் பக்கம் சாய்ந்தேன். சின்னதாகப் பார்த்ததும் உங்கள் சார் பக்கம் வந்துவிட்டேன். எட்டுப் படத்திலும் சிறுமி நடுவில் நிற்கிறாள். எட்டிலும் அவள் கண்மட்டத்தில்தான் நாம் நிற்கிறோம், எட்டிலும் ஏறக்குறைய ஒரே தூரம். ராத்திரியில் மஞ்சள் வேகும் ஏழாவது படத்தில் மட்டும் ஆவி மேலே எழுவதால் நம் பார்வை கொஞ்சம் அண்ணாந்து போகிறது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மீதி ஏழையும் எந்த வரிசையில் அடுக்கினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சார் சொன்னது அதைத்தான்.

இந்த மாதம் உங்களுக்கு நேரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போதவில்லைதான். ஆனால் இருந்த நேரத்துக்குள் வேலையின் வரிசை தப்பியிருக்கிறது என்பதே என் எண்ணம். முதல் பக்கத்தை எடுத்து, மை போட்டு, கலர் போட்டு முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போயிருக்கிறீர்கள். பிறகு மூன்றாவது. நீங்கள் சொல்லும் சங்கடங்களில் முக்கால்வாசி அதிலிருந்துதான் வருகிறது.

32 பக்கம் என்பது உங்கள் கல்லூரி கண்டுபிடித்த எண் இல்லை. பிரஸ்காரர்கள் ஃபாரம் கணக்கில்தான் பேசுவார்கள். பெரிய தாளின் இரண்டு முகத்திலும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம், அது ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் ஒரு படக்கதைப் புத்தகம். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், கடைசிப் பக்கம் என்று கழித்தால் கதைக்குச் சுமார் 14 இரட்டைப் பக்கம் மிஞ்சும். அந்தப் பதினான்கையும் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக ஒரே தாளில் பென்சிலால் கிறுக்கிப் பார்ப்பதுதான் தம்ப்நெயில். உங்கள் சிலபஸில் கட்டாயம் இருந்திருக்கும். நீங்களும் ஏதோ போட்டிருப்பீர்கள், சார் டிக் அடித்திருப்பார், அதோடு மறந்திருப்பீர்கள். மறுபடி எடுங்கள்.

எடுத்தால் என்ன தெரியும் என்பதற்கு உங்கள் ஆறாவது இரட்டைப் பக்கத்தையே சொல்கிறேன். இடப் பக்கத்தில் சிறுமி தோட்டத்துக் குடிசையான சாளைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். வலப் பக்கத்தில் மஞ்சள் வேகவைக்கும் பாய்லர் வண்டிக்கு அடியில் குட்டியின் வால் தெரிகிறது. தேடுவதும் கிடைப்பதும் ஒரே பார்வையில் முடிந்துபோகிறது. வாசிக்கிற பிள்ளை பக்கத்தைப் புரட்டுவதே அந்த வாலுக்காகத்தானே? வாலை அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள். வலப் பக்கத்தில் சிறுமி எதையோ பார்த்துவிட்ட முகம் மட்டும் இருக்கட்டும். தீப்பெட்டி அளவில் இருந்திருந்தால் இதைத் திருத்த அரை நிமிடம் போதும். நீங்களோ பாய்லரின் திருகாணிவரை ஹேட்சிங், அதாவது நிழலுக்கான நெருக்கக் கோடுகள், போட்டு வைத்திருக்கிறீர்கள். இனி அதை அழிக்க மனசு வராது. எனக்கே வரவில்லை, அவ்வளவு நன்றாக இருக்கிறது.

ரயிலில் வரைந்த படங்களைப் பற்றி. உயிர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஜன்னலோரம் தூங்கும் அந்தப் பூக்காரம்மாவை நான் அச்சில் போடக் கேட்டாலும் கேட்பேன். ஆனால் அவர் ஒரே ஒரு முறை தூங்கினால் போதும். உங்கள் சிறுமி 14 முறை வர வேண்டும். முதுகு காட்டி வருவாள், குனிந்து வருவாள், அழுவாள், தூரத்தில் ஒரு விரல்கடை உயரத்தில் ஓடுவாள். எல்லாம் அவளேதான் என்று நாலு வயதுப் பிள்ளை நம்ப வேண்டும். இல்லஸ்ட்ரேஷன் என்று தனியாக ஒரு படிப்பு இருப்பதே இதற்காகத்தான். ஸ்கெட்ச்புக் நிறைந்த சந்தோஷத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவள் முகம் மாறிக்கொண்டே போவதற்குக் காரணம் சிறுமியிடம் இல்லை. மாசி முதல் வாரத்தில் வரைந்த கை வேறு, கடைசி வாரத்தில் வரைந்த கை வேறு. எட்டாவது படத்தில் அவள் கழுத்து தோளில் சரியாக உட்காருகிறது, முதல் படத்தில் தலை தனியாக மிதக்கிறது. முன்னேறுகிறேனா என்று கேட்டீர்களே, பதில் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. ஆனால் வாசகருக்கு அது ஆள்மாறாட்டம். புத்தகத்தின் நடுப் பக்கங்களிலிருந்து வரைய ஆரம்பித்து, முதல் பக்கங்களைக் கடைசியில் வரையும் ஓவியர்கள் இருக்கிறார்கள். கை பழகும்வரையிலான தடுமாற்றம் நடுவில் மறைந்துபோகும், திறந்ததும் கண்ணில் படுவது பழகிய கையின் படமாக இருக்கும். நீங்கள் இப்போது ஒன்பதுக்குப் போங்கள். முதல் மூன்றை எல்லாம் முடிந்த பிறகு புதிதாக வரையுங்கள்.

அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு மாடல் ஷீட் வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு, முக்கால் பக்கம், பின்பக்கம். அவள் உயரம் அவள் தலையைப் போல் எத்தனை மடங்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் அவள்தான் என்று தெரிய ஏதாவது ஒன்று இருக்கட்டும், அண்ணனுடைய தொளதொளச் சட்டையோ ஒற்றைச் சடையோ. இப்போது இரண்டு சடை, பூ, பொட்டு, பாவாடை, கொலுசு என்று எல்லாம் போட்டிருக்கிறீர்கள். எது அவளுடையது என்றே பிடிபடவில்லை.

இதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் கோவையிலேயே இடம் இருக்கிறது. பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத்துக்கு ஒரு காலை நேரம் போங்கள். அங்கே தூண் சிற்பங்கள் சுவரில் ஒட்டிய புடைப்பாக இல்லாமல் வெளியே துருத்தி நிற்பவை. யானையை உரித்த சிவனை எதிரிலிருந்து ஒன்று, இடப் பக்கம் உட்கார்ந்து ஒன்று, வலப் பக்கம் நகர்ந்து ஒன்று வரையுங்கள். உருவம் ஒன்றுதான், ஆனால் நீங்கள் நகர நகர கை குறுகும், கால் முன்னே வரும், முகத்தில் பாதி மறையும். இணையத்தில் கிடைக்கும் ரெஃபரன்ஸ் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது வராது, அதைச் சுற்றி நடக்க முடியாதே.

சிற்பம் என்றதும் ஓவியர் சில்பியைச் சொல்லாமல் போக முடியாது. நம் நாமக்கல்லில் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் முன் உட்கார்ந்து ஆனந்த விகடனுக்காக வரைந்தவர். பழைய இதழ் எங்காவது கிடைத்தால் நிழலை மட்டும் பாருங்கள். கல்லின் வளைவு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கோடும் வளைந்து போகும். உங்கள் ஹேட்சிங் பாய்லரிலும் சிறுமியின் கன்னத்திலும் ஆட்டுக்குட்டியின் வயிற்றிலும் ஒரே சாய்வில் ஓடுகிறது. நிப்பு கைவந்த புதிதில் எல்லாருக்கும் அப்படித்தான் ஓடும். கன்னத்தில் கோட்டைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும்.

இனி பச்சை. திரையில் தெரிவது ஒளி, அச்சில் விழுவது மை. ஆர்ஜிபியில், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையில், பளிச்சென்று இருக்கும் பச்சையையும் நீலத்தையும் நான்கு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது, மங்கத்தான் செய்யும். தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கேயில் (சயான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய அச்சு மைகளில்) எப்படி வரும் என்று வைத்துப் பார்த்துக்கொண்டு கலர் போட்டால் இந்த அதிர்ச்சி இருக்காது. மஞ்சளைப் பற்றிப் பயப்பட வேண்டியதே இல்லை. நான்கு மைகளில் ஒன்றே மஞ்சள்தான், அது சுத்தமாக விழும். அதன் நிழலுக்குக் கறுப்பையோ சயானையோ கலக்காதீர்கள், அழுக்குப் பச்சையாகிவிடும். ப்ரூஃபில் உங்கள் களத்துக் குவியல் அப்படித்தான் ஆகியிருக்கிறது. மெஜந்தா ஏற்றினால் நிழல் ஆரஞ்சுப் பக்கம் போய்ச் சூடாக நிற்கும்.

ஆனால் அம்மிணி, உங்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மஞ்சள் வெட்டும் பக்கத்தில் பச்சைக்கு என்ன வேலை? வெட்டுக்கு வந்த காட்டில் தழை பழுத்துக் காய்ந்திருக்கும். அதை அறுத்துவிட்டுத்தானே கிழங்கைத் தோண்டுகிறோம்? நீங்கள் ஆடி மாதத்து மஞ்சக்காட்டை வரைந்து அதில் மாசி மாதத்து ஆட்களை இறக்கியிருக்கிறீர்கள். ஐந்தாவது படத்தில் மண்ணிலிருந்து வரும் கிழங்கு எலுமிச்சம்பழ நிறத்தில் மின்னுகிறது. தோண்டிய கிழங்கு மண்ணும் வேருமாகப் பழுப்பாக இருக்கும். உடைத்தால்தான் உள்ளே ஆரஞ்சு. வேகவைத்து, களத்தில் காயவைத்து, பாலீஷ் போட்ட பிறகுதான் கடையில் பார்க்கும் மஞ்சள். இது எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், போன வாரம் அதன் நடுவில்தான் நின்றிருக்கிறீர்கள். ஆக, பச்சை மங்குகிற பிரச்சினை தென்னை மரங்களோடு முடிந்துபோகிறது. கதைக்கும் இது லாபம். புத்தகம் பழுப்பில் ஆரம்பித்து, உடைந்த கிழங்கில் முதல் ஆரஞ்சைக் காட்டி, கடைசியில் களம் முழுக்க மஞ்சளாக விரியலாம். குட்டி கிடைக்கும் பக்கத்தையும் அந்தக் களத்திலேயே வைக்கலாமா என்று யோசியுங்கள். கதை உங்களுடையது, நான் கட்டாயப்படுத்தவில்லை.

அப்பாவுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கம்ப்யூட்டர் வரையத்தான் செய்கிறது. மஞ்சள் வெட்டு என்று கேட்டால் அதுவும் பச்சைக் காட்டில் எலுமிச்சை நிறக் கிழங்கைத்தான் பெரும்பாலும் தரும், உங்களைப் போலவே. அப்பாவிடம் ஐந்தாவது படத்தைக் காட்டி என்ன தப்பு என்று கேளுங்கள். அவர் திருத்துவார். அவருடைய வேலைக் கவலைக்கு இது பதிலாகாது, அது நியாயமான கவலை, அதைப் பற்றி ஒரு பத்தியில் ஆறுதல் சொல்லிவிட்டு நான் நகர்ந்தால் அது ஏமாற்று.

நேரம். வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எது எங்கே நிற்கும், எந்த உயரத்திலிருந்து பார்ப்பது, எதை விடுவது என்பதெல்லாம் முடிவெடுக்கும் வேலை. அதற்குத்தான் தொடர்ந்து கிடைக்கும் அந்த ஒரு மணிநேரம் வேண்டும். விடியற்காலையோ ஹாஸ்டலில் எல்லாரும் தூங்கிய பிறகோ, எங்கேயாவது பிடுங்கிக்கொள்ளுங்கள். முடிவெடுத்ததை மையில் இழுப்பது, டேப்லெட்டில் அடிக்கலர் நிரப்புவது எல்லாம் ஒறம்பரை நடுவில் உட்கார்ந்தும், அம்மாயி கேட்பதற்கு உம் கொட்டிக்கொண்டும் செய்யலாம். நீங்கள் தனிமையான நேரத்தில் திருகாணிக்கு ஹேட்சிங் போட்டுவிட்டு, கல்யாண வீட்டில் உட்கார்ந்து அடுத்த பக்கத்துக்கு யோசித்திருக்கிறீர்கள். அங்கே யாரால் யோசிக்க முடியும்?

ஜோடிப் பட ஆர்டர்களை விடச் சொல்ல மாட்டேன், ஃபீஸ் கட்ட வேண்டும். பாதிப் பணம் முன்னாலேயே வாங்குங்கள், திருத்தம் இரண்டு முறைக்கு மேல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கும் அதேதான், குறிப்பாக அவர்களுக்கு. மணிக்கட்டு வலி வரைவதை நிறுத்தினால் போய்விடுகிறதா, ராத்திரியிலும் இருக்கிறதா? விரல் மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். நீளக் கோடுகளை முழங்கையிலிருந்து இழுத்துப் பழகுங்கள், மணிக்கட்டை மட்டும் ஆட்டி வரைவதால்தான் உங்கள் ஹேட்சிங்கும் ஒரே சாய்வில் விழுகிறது.

பங்குனி பிறந்ததும் ஈரோட்டில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பம் நடுவார்கள், ஸ்கெட்ச்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தோன்றும். ஓடுங்கள். அதற்கு முன்னால் 14 கட்டமும் போட்ட அந்த ஒற்றைத் தாளை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். கலர் வேண்டாம், மை வேண்டாம், முகத்தில் கண்கூட வேண்டாம். வால் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா