காட்டோரம் கேளுங்கள்: வாசலில் கிடந்த கால்தடம்

(பதில் சொல்பவர்: நீலகிரியில் வனக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். காலையில் வாசல் ஈரமண்ணில் பெரிய கால்தடம். பக்கத்து வீட்டில் சிறுத்தை என்கிறார்கள், என் கணவர் நாய்தான் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

நகக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாய் நடந்தால் விரல்களுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளிகள் விழும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். தடம் வட்டமாக இருக்கும், உள்ளங்கால் பதிந்த இடத்தின் பின்விளிம்பில் மூன்று வளைவு தெரியும். வழுக்குகிற சேற்றில் சிறுத்தையும் நகம் ஊன்றும் என்பதால், ஒரே தடத்தை வைத்துக் கணவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். வரிசையாக நாலைந்து பாருங்கள்.

ஆனால் அம்மா, உங்கள் பக்கத்தில் நான் அதிகம் பயப்படுவது கரடிக்குத்தான். சிறுத்தை பெரும்பாலும் மனிதவாடை பட்டதும் நழுவிவிடும். கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் திடுக்கிடும், திடுக்கிட்டால் ஓடாமல் முகத்தைப் பார்த்துப் பாயும். அதன் தடத்தில் ஐந்து விரல்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும், நகக்குறி விரலிலிருந்து நன்றாகத் தள்ளி விழும். பின்னங்கால் தடத்தைப் பார்த்தால் யாரோ செருப்பில்லாமல் நடந்ததுபோல இருக்கும்.

தடம் கிடைக்காவிட்டால் கரையான் புற்றைப் பாருங்கள். கரடி அதைத் தோண்டிக் குடைந்திருக்கும். மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் நன்றாகத் தூரத்துக்கே கேட்கும். கேட்டால் அப்படியே திரும்பிவிடுங்கள். எச்சத்தில் பழக்கொட்டையும் பூச்சி ஓடும் கலந்து கிடக்கும். கோத்தகிரிக் கரடிகளுக்குக் கோயில் விளக்கு எண்ணெயும் பழகிவிட்டது, அதனால் சமையல் கழிவை இரவில் வெளியே வைக்காதீர்கள். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் உண்ணிச்செடிப் புதர் ஓரமாக நடந்தால் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஊர் என்ன நினைக்கும் என்று பார்க்காதீர்கள்.

கேள்வி: மசினகுடி சாலையோரம் நின்ற யானை காதை ஆட்டிக்கொண்டே இருந்தது. கோபமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

இல்லை. காது ஆடுவது உடம்புச் சூட்டைத் தணிக்க. ஆடிய காது சட்டென்று நின்று, இரண்டும் விரிந்து, தலை உயர்ந்தால்தான் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் எண்ணெய் வழிந்ததுபோலக் கறை இருந்தால் அது மதநீர். காது ஆடினாலும் ஆடாவிட்டாலும் அதன் பக்கம் போகவே வேண்டாம். ஹாரன் அடிக்காதீர்கள். செல்ஃபி எடுக்க இறங்கினீர்களா என்று நான் கேட்கவில்லை.