எலும்பு டாக்டர் பதில்கள்: கரைந்துபோகும் துண்டு காலைத் தாங்குமா?

கேள்வி: டாக்டர் ஐயா, என் மகனுக்கு வயது 26. பைக்கில் விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர், "இப்போ கரைஞ்சுபோற எலும்பு வந்துட்டுல்லா, எதுக்குப் பிள்ளைய ரெண்டு இடத்துல கிழிக்கிய?" என்கிறார். அதை வைத்தால் போதாதா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அண்ணாச்சி சொல்வது பொய்யில்லை அம்மா. ஆனால் உங்கள் மகனுக்கு நான் அதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன்.

அவர் சொல்லும் பொருள் எலும்பே இல்லை. டிரைகால்சியம் பாஸ்பேட் போன்ற பீங்கான் வகை, அல்லது பாலிலாக்டிக் அமிலம், பாலிகேப்ரோலாக்டோன் மாதிரி பாலிமர், அதாவது பிளாஸ்டிக் வகை. உள்ளே முழுக்கத் துளை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி இருக்கும். துளையின் அகலம் 100 மைக்ரானாவது, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது, வேண்டும்; 300 இருந்தால் ரத்தக்குழாய் தாராளமாக நுழையும். ரத்தம் போனால்தான் எலும்பு கட்டும் செல் அங்கே பிழைக்கும்.

கஷ்டமெல்லாம் கரையும் வேகத்தில்தான். சென்ட்ரிங் பலகையை முன்கூட்டியே பிரித்தால் கான்கிரீட் என்ன ஆகும், அந்தக் கதிதான். மாவுக்கட்டுப் பொடி இருக்கிறதே, கால்சியம் சல்பேட், அதை 1892லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் எலும்புக் குழியில் அடைத்துப் பார்த்தார். அது சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் கரைந்துவிடும். பெரிய இடைவெளியில் அதற்குள் எலும்பு வந்து சேராது. பாலிகேப்ரோலாக்டோன் நேர் எதிர், இரண்டு வருடத்துக்கு மேலும் கிடக்கும். பாலிலாக்டிக் அமிலம் கரையும்போது லாக்டிக் அமிலம் வரும். உடம்பு அதைச் செரித்துக்கொள்ளும் என்றாலும், ஒரே இடத்தில் தேங்கினால் வீக்கம் கொடுக்கும். சரி, பீங்கானையே வைக்கலாமே என்றால், அமுக்கினால் தாங்கும், வளைத்தால் முறியும். நடக்கிற கால் இரண்டையும் செய்கிறது.

பாளையங்கோட்டையில் நான் ஆபரேஷன் செய்த காலத்திலும் இதே சண்டைதான். "அடி கால்லதான, இடுப்ப எதுக்குத் தொடுதிய?" என்பார்கள். சொந்த எலும்போடு உயிருள்ள செல்லும் வரும், "இங்கே எலும்பு கட்டு" என்று தூண்டும் புரதமும் வரும். 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர், தாது நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார்; தசைக்குள்ளேயே புது எலும்பு முளைத்தது! வெறும் பீங்கான் துண்டில் அந்தச் சத்து கிடையாது, உட்கார இடம் மட்டும்தான் தரும்.

கட்டியைச் சுரண்டிய குழி, பல் பிடுங்கிய தாடை, இப்படிச் சுற்றிலும் நல்ல எலும்பு இருக்கும் இடத்தில் நானே தைரியமாக வைப்பேன். உங்கள் மகனுக்கு இடுப்பெலும்பு போதாமல் போனால் அதோடு இந்தத் துணுக்குகளைக் கலக்கலாம். எலும்பை வெட்டி நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக நகர்த்தி இடைவெளியை மூடும் இலிசரோவ் முறையும் இருக்கிறது. மாதக்கணக்கில் கம்பி வளையத்தோடு இருக்கவேண்டும், அதுதான் தொல்லை. எது என்பதை உங்கள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எடுத்த இடத்தில் இடுப்பு சில வாரம் வலிக்கும், சிலருக்கு மாதக்கணக்கிலும். காலில் சீழ் இருந்தால் முதலில் அது போக வேண்டும். அப்புறம், தம்பி பீடி சிகரெட் பிடிப்பவரென்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகை எலும்பு சேர்வதைத் தள்ளிப்போடும், எதை வைத்தாலும்.

கேள்வி: கடல் பவளத்திலிருந்து எலும்பு செய்கிறார்களாமே, நிஜமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நிஜம். பவளத்தின் துளை அமைப்பு நம் எலும்பின் உட்பகுதியை ஒத்திருக்கும். ராய், லின்னஹான் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1974இல் சூடும் அழுத்தமும் கொடுத்து, பவளச் சுண்ணாம்பை எலும்பிலுள்ள ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாதுவாகவே மாற்றிக் காட்டினார்கள். துளைகள் குலையவில்லை. ஆனால் அப்படி மாற்றியது வருடக்கணக்கானாலும் கரையாமல் அடம்பிடிக்கும். நம் மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எரித்தார்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எலும்புக்கு என்று சொன்னாலும் வெட்ட விடமாட்டார்கள்.