களிமண் சூளையில் என்ன ஆகிறது? ஒரு கலைஞர் வாழ்நாள் முழுக்க ஆராய அதில் என்ன இருக்கிறது?

கேட்டவர் வேலூர்க்காரர் என்பதால் கரிகிரியிலிருந்தே தொடங்கலாம். மெருகிட்ட மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். சுடாத பானையைத் தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகிவிடும். சூளையில் சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணுக்குள் வேதிப் பிணைப்பில் இருக்கும் நீரும் வெளியேறத் தொடங்குகிறது. அந்த நீர் போய்விட்டால், தண்ணீர் ஊற்றினாலும் களிமண் மறுபடி குழையாது. 573 டிகிரியில், களிமண்ணில் கலந்திருக்கும் மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று விரியும். அவசரமாகத் தீ ஏற்றினால் (ஆறவிடுவதில் அவசரப்பட்டாலும்தான்) விரிசல் விழும்.

எனக்குப் பிடித்தது நிறம். மண்ணிலுள்ள அதே இரும்பு, காற்று தாராளமாகக் கிடைத்தால் சிவப்பு தரும். சூளையை மூடிப் புகையை அடைத்தால் கறுப்பு. மெருகு என்பது மேலே உருகி ஒட்டிய கண்ணாடி, அவ்வளவுதான்.

சரி, வாழ்நாள் விஷயம். 1971-இல் டெபோரா ஸ்மித்துடன் சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கியவர் ரே மீக்கர். பானையோடு நிற்கவில்லை. சுடாத மண்கல்லில் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கி உள்ளே தீ மூட்டிச் சுட்டார்! அப்புறம் பெரிய சிற்பங்கள் பக்கம் போனார்.

நீங்கள் தொடங்குவதானால் உங்கள் ஊர் ஏரி மண்ணில் சின்ன வில்லைகள் தட்டி, வெவ்வேறு சூட்டில் சுட்டு, எது எவ்வளவு சுருங்குகிறது என்று குறித்துவையுங்கள்.