ஸ்கேன் செய்வதற்கு ஒரு படிப்பா?

கேள்வி: இலக்கியத்தில் பட்டம் பெற்ற என் மகள், அடுத்து ‘டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ்’ படிக்கப்போவதாகச் சொல்கிறாள். பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவதுதானே அது? அதற்கு ஒரு படிப்பு எதற்கு?

பதில்: ஸ்கேன் செய்வது வாசற்படிதான் அம்மா, வீடு உள்ளே இருக்கிறது. இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினியின் துணையோடு ஆராய்வதுதான் இத்துறை. பக்கத்தின் படத்தைக் கணினி காட்டும். அதில் யார் பேசுகிறார், எந்த ஊரைச் சொல்கிறார் என்பதை ஒருவர் படித்துக் குறித்து வைத்தால்தான் அதற்குத் தெரியும். இப்படிக் குறிப்பதற்கான ‘டிஇஐ’ என்ற பொது நெறிமுறையை உருவாக்கும் பணி 1987இல் தொடங்கியது.

நான் ஒரு கடிதத் தொகுப்பில் இந்த வேலையைச் செய்தேன். ஒரு வரியில் ‘வருகிறேன்’ என்று எழுதி, அடித்து, மேலே ‘வர முயல்கிறேன்’ என்று திருத்தியிருந்தது. அச்சுப் பதிப்பென்றால் திருத்தியதை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இங்கே நீக்கம், சேர்க்கை இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். அடித்தது எழுதியவரின் கைதானா? மை ஒன்றுதானா? அந்த ஒரு வரிக்கு அரை நாள் ஆயிற்று. கடிதம் முழுவதையும் எனக்குத் திறந்துவிட்டது அந்த வரிதான்.

இத்துறையின் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலிய இயேசு சபைத் துறவி. இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் நூல்களில் ‘பிரசன்னம்’ (உடனிருத்தல்) என்ற கருத்தை ஆராய்ந்தவர், அது பெரிய கலைச்சொற்களைவிட ‘இன்’ என்ற குட்டி லத்தீன் சொல்லோடுதான் பிணைந்திருக்கிறது என்று கண்டார். நம் ‘இல்’ உருபு செய்யும் வேலையைச் செய்யும் சொல் அது. அது வரும் வாக்கியங்களைச் சுமார் 10,000 அட்டைகளில் கையாலேயே எழுதினார். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஓர் அடைவு அந்நூல்களின் எல்லாச் சொற்களுக்கும் வேண்டுமென்று, 1949இல் கணக்கிடும் இயந்திரங்களைச் செய்த ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி கேட்டார். ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் சொற்கள். 1980இல் அச்சுப் பணி முடிந்தபோது 56 தொகுதிகள். இயந்திரம் படிப்பதற்காகச் சொற்களை அட்டைகளில் துளைகளாகப் பதித்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களின் பெயர்கள் நெடுங்காலம் வெளியே தெரியவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர்களைத் தேடிப் பதிவு செய்தவர்களும் இத்துறையினர்தான்.

எண்ணிக் கொடுத்தது இயந்திரம். ஒரு குட்டிச் சொல்லை எண்ண வேண்டும் என்று தோன்றியது வாசித்த மனிதருக்கு. உங்கள் மகளின் இலக்கியப் படிப்பு கைகொடுக்கும் இடம் இதுதான்.

முன்பு இத்துறைக்கு ‘ஹியூமானிட்டீஸ் கம்ப்யூட்டிங்’ என்று பெயர்; இப்போதைய பெயர் 2004க்குப் பிறகு பரவலாயிற்று. வரைபடங்கள், நாடக மாந்தரிடையே உள்ள தொடர்புகள், ஆவணக் காப்பகங்கள் என்று இன்று வெகுவாக விரிந்திருக்கிறது.

சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மென்பொருள்களின் பெயர்கள் மட்டுமே வரிசையாக இருந்தால் யோசிக்கட்டும். ஒரு பிரதியை மாணவரே முதலிலிருந்து கடைசிவரை குறியிட்டுப் பதிப்பிக்கும் பயிற்சி இருந்தால் தயங்காமல் சேரட்டும்.