அம்மாவைத் தேடி ஓடுகிறவன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிரேக்க நாடகங்களைப் பற்றி நீங்கள் எழுதிய தொடரை விடாமல் படித்தேன். அந்தப் பக்கம் என்னை இழுத்துவிட்டது ஒரு வீடியோ கேம்தான். 'ஹேடிஸ்'. நான்கு மாதங்களில் 80 மணி நேரத்துக்கு மேல் விளையாடிவிட்டேன். என் அப்பா தமிழாசிரியர். 'கதை வேண்டுமென்றால் புத்தகத்தை எடு, பட்டனைத் தட்டி என்ன கதை தெரிந்துகொள்ளப் போகிறாய்' என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் பார்த்தால் கேமில் நிறைய மாற்றியிருக்கிறார்கள். கேமின் நாயகன் ஸாக்ரியஸ். ஆனால் பாதாளக் கடவுள் ஹேடிஸுக்கு அப்படி ஒரு மகனே இல்லை என்கிறார்கள். அவனுடைய அம்மாவாக வரும் பெர்செஃபனியின் கதையும் வேறு. அப்படியென்றால் நான் தெரிந்துகொண்டது எல்லாம் தப்பா? எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

நானும் அதை விளையாடியிருக்கிறேன். கோடை விடுமுறைக்கு வந்த தங்கை மகன் கன்ட்ரோலரை என் கையில் கொடுத்து உட்காரவைத்தான். முதல் நாள் ஏழெட்டு அறை தாண்டுவதற்குள் செத்துப்போனேன். 'அவ்வளவுதானா, முதலிலிருந்தா?' என்று கேட்டேன். 'மாமா, பாருங்க' என்றான். திரையில் ஒரு ரத்தக் குளம். அதிலிருந்து ஸாக்ரியஸ் எழுந்து, தலையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறான். வாசலில் தூக்கத்தின் கடவுளான ஹிப்னோஸ் ஒரு பட்டியலைப் பார்த்து அவன் எப்படிச் செத்தான் என்று வாசிக்கிறான். உள்ளே பெரிய மேஜைக்குப் பின்னால் அப்பா ஹேடிஸ், தலையை நிமிர்த்தாமல் திட்டுகிறார். பக்கத்தில் மூன்று தலை நாய் படுத்திருக்கிறது. தடவிக்கொடுக்கலாம். நான் சாகாமலே போயிருந்தால் இந்த வீட்டை இவ்வளவு சீக்கிரம் பார்த்திருக்க மாட்டேன். அன்றைக்குத்தான் அந்த கேமின் மேல் மரியாதை வந்தது.

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாதாளத்தின் அரசன் ஹேடிஸின் மகன் ஸாக்ரியஸ் அம்மாவைத் தேடி வீட்டைவிட்டு மேலுலகத்துக்குத் தப்பி ஓடப் பார்க்கிறான். டார்டரஸ், ஆஸ்ஃபடெல், மாவீரர்கள் வாழும் எலீசியம் என்று பாதாளத்தின் ஒவ்வொரு தளமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஏற வேண்டும். செத்தால் மறுபடியும் வீடு. சான் பிரான்சிஸ்கோவின் சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2020-ல் இதை முழுமையாக வெளியிட்டது. எழுதியவர் கிரெக் கசாவின். குரல் கொடுத்த வசனங்கள் மட்டும் 20,000-க்கு மேல். 2021-ல் அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரும் ஹியூகோ விருதில் வீடியோ கேமுக்கென்று சிறப்புப் பிரிவு வைத்தபோது இதற்குத்தான் கொடுத்தார்கள்.

சரி, உங்கள் கேள்வி. ஸாக்ரியஸை அவர்கள் கற்பனையாகப் படைக்கவில்லை. பழைய கிரேக்கத் துணுக்குகளில் அந்தப் பெயர் உண்டு. நாடகாசிரியர் எஸ்கிலஸின் தொலைந்துபோன ஒரு நாடகத்தில் மிஞ்சிய வரி ஸாக்ரியஸை ஹேடிஸோடு சேர்த்துப் பேசுகிறது. மகன் என்றே அதற்குப் பொருள் கொள்கிறார்கள். பின்னால் தொன்மப் பாடகன் ஆர்ஃபியஸின் பெயரால் வழங்கிய மரபில் அவன் வேறு ஆளாகிவிட்டான். கடவுள்களின் அரசன் ஜீயஸுக்கும் பெர்செஃபனிக்கும் பிறந்த குழந்தை, மூத்த கடவுள் இனமான டைட்டன்கள் பிய்த்துத் தின்ற குழந்தை, மறுபடி மதுவின் கடவுளான டயோனிசஸாகப் பிறந்தவன் என்று ஆனான். இந்தக் குழப்பம் கேமிலேயே இருக்கிறது, கவனித்தீர்களா? ஸாக்ரியஸும் டயோனிசஸும் சேர்ந்து, தாங்கள் இருவரும் ஒரே ஆள்தான் என்று ஆர்ஃபியஸிடம் விளையாட்டாகக் கதை விடுகிறார்கள். அந்த அப்பாவி அதை நம்பி ஒரு துதிப்பாடலே கட்டிவிடுகிறான். ஒரு தொன்மம் எப்படித் திரிந்து வளர்கிறது என்பதை அதைவிட அழகாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. படித்துவிட்டுத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

மாற்றுவது கிரேக்கர்களுக்குப் புதிதும் இல்லை. கி.மு. 412-ல் ஏதென்ஸில் யூரிப்பிடிஸ் ஒரு நாடகம் போட்டார். டிராய்ப் போருக்கே காரணமாகச் சொல்லப்படுகிற ஹெலன் அதில் டிராய்க்குப் போகவே இல்லை. போனது அவளுடைய மாய உருவம். உண்மையான ஹெலன் எகிப்தில் உட்கார்ந்திருந்தாள். பத்து வருடப் போரும் ஒரு நிழலுக்காக! அந்தப் போரைப் பாடிய ஹோமரைத் தலைகீழாகத் தெரிந்த கூட்டம்தான் உட்கார்ந்து அதைப் பார்த்தது. ஆகவே 'மாற்றினார்களா' என்று கேட்பதில் பயன் இல்லை. மாற்றியதால் எது தெரிய வந்தது, எது மறைந்துபோனது என்று கேளுங்கள்.

தெரிய வந்ததற்கு டிராய்ப் போரின் மாவீரன் அக்கிலீஸைச் சொல்வேன். ஹோமரின் ஒடிஸியின் 11-ஆம் காண்டத்தில் இறந்தவர்களைப் பார்க்கப் போகிற ஒடிஸியஸ், 'உயிரோடு இருந்தபோதும் உன்னைக் கொண்டாடினோம், இங்கேயும் நீதான் பெரியவன்' என்று அக்கிலீஸுக்கு ஆறுதல் சொல்கிறான். செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, சொந்தமாகத் துண்டு நிலம்கூட இல்லாதவனிடம் கூலிக்கு உழைத்தாலும் பூமியில் இருப்பதே மேல் என்கிறான் அக்கிலீஸ். இப்போது கேமுக்கு வாருங்கள். ஹேடிஸின் வீட்டுக் கூடத்தில் ஈட்டியோடு காவலுக்கு நிற்கிறானே, யார் அவன்? அதே அக்கிலீஸ்தான். ஒப்பந்தத்தில் கட்டுண்ட வேலைக்காரன். உயிருக்குயிரான பட்ரோக்ளஸுக்கு எலீசியத்தில் இடம் கிடைப்பதற்காகத் தன்னை அடகு வைத்தவன். அவன் கேட்ட கூலிவேலை கிடைத்துவிட்டது, பூமியில் அல்ல, செத்தவர்கள் நடுவில். பட்ரோக்ளஸோ எலீசியத்தில் தனியாகத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். அவர்களைச் சேர்த்துவைக்க நீங்கள் எத்தனை முறை மேலும் கீழும் போய் வந்தீர்கள்? புத்தகத்தில் பத்துப் பதினைந்து வரியில் முடிகிற துயரத்தோடு நாள்கணக்கில் பழகியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மறைந்துபோனதும் உண்டு. அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது. பெர்செஃபனியின் தாயும் விளைச்சலின் கடவுளுமான டிமிட்டருக்கான பழைய துதிப்பாடலில் பெர்செஃபனி பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது தரை பிளக்கிறது, ஹேடிஸ் தேரில் வந்து தூக்கிப் போகிறான். ஜீயஸ் ஏற்கெனவே சம்மதம் கொடுத்தாயிற்று. அவள் அலறுகிறாள். குகைக்குள் இருந்த ஹெக்கேட்டி என்ற பெண் கடவுளும் சூரியனும் தவிர வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. தாய்க்கு அந்தக் குரலின் எதிரொலி மட்டும் வந்து சேர்கிறது. ஒன்பது நாள் கையில் தீப்பந்தத்தோடு, சாப்பிடாமல், குளிக்காமல் பூமியெல்லாம் அலைகிறாள். கேமில் அந்த அலறல் இல்லை. பெர்செஃபனியும் ஹேடிஸும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் பிரிந்த கணவன் மனைவி. குடும்பத்தைச் சேர்த்துவைக்கிற கதைக்கு அது வசதி, புரிகிறது. ஆனால் ஒரு பெண்ணின் அலறலை எடுத்துவிட்டுக் குடும்பத்தைச் சேர்த்துவைப்பது எனக்கு ஒப்பவில்லை. வெளியே ஓயாமல் பெய்கிற பனியில் மட்டும் டிமிட்டரின் கோபம் மிஞ்சியிருக்கிறது.

அப்படியும் அந்தப் பனியைத் தாண்டி நடப்பதை என்னால் மறக்க முடியாது. அப்பாவை அடித்து வீழ்த்திவிட்டு ஸாக்ரியஸ் முதல்முறை வெளியே வருகிறான். பனிக்கு நடுவே ஒரு சின்னப் பச்சைத் தோட்டம், குடிசை. அங்கே அம்மா. பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவனுக்கு உடம்பு சாய்கிறது. மேலுலகத்தில் அவனால் உயிரோடு இருக்க முடியாது. செத்துப் பாதாளத்தின் ஸ்டிக்ஸ் நதியோடு வீட்டுக்கு வந்து விழுகிறான். மறுபடி புறப்பட்டால் இன்னும் நாலு வார்த்தை. முழுக்கதையும் தெரிய அப்படிப் பத்து முறை போய் வர வேண்டும். அன்றைக்கு நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். 11-ஆம் காண்டத்தின் இன்னொரு இடம் நினைவுக்கு வந்தது.

ஒடிஸியஸ் ஆட்டு ரத்தத்தைக் குழியில் விட்டுவிட்டு, வாளோடு காவல் இருக்கிறான். அதைக் குடித்தால்தான் ஆவிகளுக்குப் பேச்சு வரும். வருகிற கூட்டத்தில் அவன் அம்மா ஆன்டிக்லியா நிற்கிறாள். போருக்குப் புறப்பட்டபோது உயிரோடு இருந்தவள். செத்ததே அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் குறி சொல்கிற டைரிசியஸ் குடிக்கும்வரை அழுதுகொண்டே அவளைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பிறகு அவள் குடித்துவிட்டுப் பேசுகிறாள். உன்னை நினைத்து ஏங்கியே செத்தேன் என்கிறாள். மூன்று முறை கட்டிக்கொள்ளப் பாய்கிறான். மூன்று முறையும் நிழல்போல, கனவுபோலக் கைக்குள்ளிருந்து நழுவிப் போகிறாள்.

அங்கே உயிரோடிருக்கிற மகன் செத்துப்போன அம்மாவைத் தொட முடியாமல் நிற்கிறான். கேமில் அம்மா உயிருள்ளவர்களின் உலகத்தில், மகன் செத்தவர்களின் உலகத்துக்குச் சொந்தம். கட்டிக்கொள்ளக்கூட முடிகிறது, ஆனால் தங்க முடியவில்லை. எழுதியவர்கள் இந்தக் காண்டத்தை மனதில் வைத்துத்தான் செய்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்தக் கையறுநிலை 2,700 வருடம் கழித்து உங்கள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தப்பாகத் தெரிந்துகொண்டதாக வருத்தப்படாதீர்கள்.

உங்கள் அப்பா சொல்வதிலும் ஒன்று இருக்கிறது. விளையாடும்போது கண் அடுத்த அறைக்கு ஓடிவிடுகிறது. பட்ரோக்ளஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே என் தங்கை மகன் பட்டனைத் தட்டி வசனத்தைத் தாண்டுவான். எனக்குச் சங்கடமாக இருக்கும். புத்தகத்தில் ஒரு வரியில் அரை மணி நேரம் நிற்கலாம்.

ஆகவே முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். கையில் கிடைக்கிற எந்த மொழிபெயர்ப்பானாலும் சரி, ஒடிஸியின் 11-ஆம் காண்டத்தை மட்டும் எடுங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கேமில் உங்களுக்கு உதவி செய்த சிசிஃபஸ் அதில் பாறையை உருட்டிக்கொண்டிருப்பான். அப்புறம் டிமிட்டர் துதிப்பாடல். முடிந்தால் முதலாவதை அப்பாவோடு சேர்ந்து, சத்தமாக வாசியுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.