சி.இ.ஏ. கொஞ்சம் கூடியிருக்கிறது, எண்பதாயிரம் ரூபாய் டெஸ்ட் தேவையா?

கேள்வி: என் கணவருக்கு 57 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆனது. மூன்றாம் நிலை என்றார்கள், கீமோவும் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. 3.2 ஆக இருந்த சி.இ.ஏ. (குடல் புற்றுக் கட்டிகள் பல ரத்தத்தில் விடும் ஒரு புரதம்) இந்த முறை 5.9. ரத்தம் எடுக்க வந்த லேப் ஆள், "எண்பதாயிரத்தில் ஒரு டெஸ்ட் இருக்கு, நோய் திரும்ப வருமா வராதான்னு சொல்லிடும்" என்கிறார். நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா? - வாசகி, பெரம்பூர்.

பதில்: நகையை எடுக்க வேண்டாம் அம்மா. அந்த ரிப்போர்ட்டை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள், அடுத்த ஓ.பி. தேதி வரை வைத்திருக்காதீர்கள். பெரும்பாலும் சில வாரம் விட்டு சி.இ.ஏ.வை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்வார். அதிலும் ஏறியிருந்தால் மார்பு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சி.டி. ஸ்கேன். ஸ்கேன் எடுக்க வேண்டிய தவணை ஏற்கெனவே வந்திருந்தால் அதை இப்போதே எடுக்கச் சொல்லலாம்.

மறுபடி பார்ப்பதை அதே லேபில் பாருங்கள். ஐந்நூறு ரூபாய் குறைகிறது என்று வேறு லேபுக்குப் போகாதீர்கள். இரண்டு கடைத் தராசில் நிறுத்தால் வெங்காயம் கொஞ்சம் கூடக் குறைய இருக்காதா? ஒவ்வொரு கம்பெனி மெஷினும் சி.இ.ஏ.வை ஒவ்வொரு விதமாக அளக்கிறது. நமக்கு வேண்டியது ஒரே மெஷினில் அது ஏறுகிறதா இல்லையா என்பது.

சரி, 5.9 என்றால் நோய் வந்துவிட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. 5 என்ற எல்லையை வைத்துப் பார்த்தால், நோய் திரும்பிய பத்துப் பேரில் ஏழு பேரைத்தான் சி.இ.ஏ. காட்டிக்கொடுக்கிறது. நோயே திரும்பாத நூறு பேரில் பன்னிரண்டு பேரை வீணாகப் பயமுறுத்துகிறது. 2015இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு இது. ஈரல் கோளாறு, குடல் அழற்சி, கணைய வீக்கம் இருந்தாலும் இது கூடும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதே இல்லை: சிகரெட். புகைப்பவர்களுக்கு சி.இ.ஏ. சாதாரணமாகவே கொஞ்சம் மேலே நிற்கும். ஆபரேஷனுக்கு முன் விட்டவர்கள், கீமோ முடிந்து தெம்பு வந்ததும் வீட்டுக்குத் தெரியாமல் டீக்கடையில் ஆரம்பித்துவிடுகிறார்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் கேட்டால், "சேச்சே" என்பார்கள். அதனால் திட்டாமல், தனியாகக் கேளுங்கள். "ஆமாம்" என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் "சிகரெட்தான் காரணம், ஸ்கேன் வேண்டாம்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் புகைக்கத் தொடங்கியிருந்தாலும் எண் தொடர்ந்து ஏறினால் ஸ்கேன் ஸ்கேன்தான்.

இப்போது அந்த எண்பதாயிரம். புற்றுச் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. அதைத் தேடும் பரிசோதனை அது. பொய்யான பரிசோதனை என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலை நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின் சில வாரங்களில் இதைப் பார்த்து யாருக்குக் கீமோ வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வழக்கமான முறையில் 28 சதவீதம் பேருக்குப் போன கீமோ, இந்த முறையில் 15 சதவீதம் பேருக்குத்தான் போனது. இரண்டு வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. நல்ல செய்திதான். ஆனால் உங்கள் கணவருக்கு மூன்றாம் நிலை, கீமோவும் முடிந்துவிட்டது. இப்போது அந்த டெஸ்ட் 'இருக்கிறது' என்றாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும், 'இல்லை' என்றாலும் ஏறும் சி.இ.ஏ.வுக்காக ஸ்கேன் எடுக்க வேண்டும். 'இல்லை' என்று வந்தும் நோய் இருக்கக்கூடும், வயிற்று உறையில் ஒட்டிய சின்னக் கட்டிகள் இதில் எளிதாகத் தப்பிவிடும்.

அந்த ஆளிடம் ஒன்று கேளுங்கள்: "எடுத்த கட்டியின் பாரஃபின் பிளாக் வேண்டுமா?" (ஆபரேஷனில் எடுத்த கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் இது.) நான் சொன்ன ஆய்வில் நோயாளியின் கட்டியிலேயே மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்து, அதைத்தான் ரத்தத்தில் தேடினார்கள். அவர் விழித்தால் அவருக்குத் தெரிந்தது கமிஷன் மட்டும்தான். அடுத்து "சும்மா சேர்த்துப் பார்த்துடலாம்" என்று சி.ஏ.125, சி.ஏ.19-9 என்று பெரும்பாலும் வேறு புற்றுநோய்களுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எல்லாம் போட்ட 'கேன்சர் பேக்கேஜ்' நீட்டுவார். அதையும் வாங்காதீர்கள்.

எனக்குக் கோபம் அவர் மேல் மட்டுமில்லை. ஓ.பி.யில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை, விளக்கிச் சொல்ல ஆளில்லாத அந்த இடத்தில்தான் ஏஜென்ட் நாற்காலி போட்டு உட்கார்கிறார். பெரும்பாலான காப்பீடு படுக்கையில் படுத்தால்தான் பணம் தரும், வெளியில் எடுக்கும் சி.டி.க்குக் கைக்காசு. அறுவைக்கு முன் சி.இ.ஏ. எவ்வளவு என்பதைக்கூடப் பல டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுவதில்லை. அது மிக முக்கியம் அம்மா, சில கட்டிகள் சி.இ.ஏ.வைச் சுரப்பதே இல்லை, அப்போது இந்த எண் ஏறாமலே நோய் திரும்பலாம். பழைய ஃபைலில் தேடி எடுத்துப் போங்கள்.

ஸ்கேனில் ஈரலிலோ நுரையீரலிலோ ஓரிரு புள்ளி தெரிந்தாலும் உடைந்துபோக வேண்டாம். வெட்டி எடுக்கக்கூடிய இடமாக இருந்தால் அதை எடுத்து நெடுநாள் நன்றாக இருப்பவர்கள் உண்டு. பணத்தை அதற்காக வைத்திருங்கள்.