அம்மாவுக்கு லாங் ஆக்டிங் இன்சுலின் பேனா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, மாத்திரையில் சுகர் அடங்கவில்லை, இரவு ஒரு வேளை கிளார்ஜின் (ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேலை செய்யும் லாங் ஆக்டிங் இன்சுலின்) பேனாவில் 10 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர், "இன்சுலின் வரைக்கும் போயாச்சா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பதில் அம்மா கலங்கிப் போயிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சர்க்கரை நோய்க்காரன்தான். பல வருடமாக லான்டஸ் என்ற பிராண்ட் கிளார்ஜின் பேனாவை நானே போட்டுக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அம்மாவின் பயம். டைப் 2 சர்க்கரை நோயில் கணையம் இன்சுலின் சுரப்பது வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். மாத்திரை ஓரளவுக்குத்தான் ஈடுகொடுக்கும். அதற்குமேல் குறைகிற சரக்கை வெளியிலிருந்து கொடுக்க வேண்டியதுதான், நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமே இல்லை. "இன்சுலின் போட்டு ராத்திரி மயங்கி விழுந்தார்" என்று பெரியவர்கள் சொல்லும் கதைகளில் பல பழைய இன்சுலினைப் பற்றியவை. 1940களில் வந்த என்பிஹெச் இன்சுலின் போட்டுச் சில மணி நேரம் கழித்து உச்சத்துக்குப் போகும். இரவில் போட்டால் அந்த உச்சம் நடு இரவில், தூக்கத்தில் வந்து நிற்கும். 2000-இல் புழக்கத்துக்கு வந்த கிளார்ஜினில் அப்படிப் பெரிய ஏற்றம் கிடையாது. பேனாவுக்குள் அது அமிலத்தன்மையுள்ள தெளிந்த திரவமாக இருக்கிறது. தோலுக்கு அடியில் போனதும் பொடிப்பொடியாகப் படிந்து, ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அந்த அமிலத்தால் போடும்போது சிலருக்கு லேசாக எரியும், அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். வேறு இன்சுலினோடு இதைக் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்து சொல்வதுதான் எனக்கு முக்கியம். இந்த இன்சுலினுக்கு ஒரே ஒரு வேலைதான். நாம் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கும்போதும் கல்லீரல் ரத்தத்துக்குள் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி இரண்டு இட்லியோடு படுத்தவருக்கும் காலையில் 190 காட்டுவது அதனால்தான். லாங் ஆக்டிங் இன்சுலின் அந்தக் கசிவைப் பிடித்து நிறுத்துகிறது. மதியம் சாம்பார் சாதம் சாப்பிட்டபின் ஏறும் சுகர் இதன் பொறுப்பில் வராது. ஆகவே இந்த டோஸ் சரியா என்று பார்க்கக் காலை வெறும் வயிற்றுச் சுகரைப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு 80 முதல் 130 வரை இலக்கு வைப்பார்கள், வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து டாக்டர் அம்மாவுக்குக் கொஞ்சம் தளர்த்தியும் வைக்கலாம். மதியம் 260 இருக்கிறதே என்று இரவு யூனிட்டை ஏற்றிக்கொண்டே போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மதியச் சுகர் சரியாக அடங்காது, அதிகாலையில் சுகர் லோ ஆகும், அதாவது அளவுக்கு மீறி இறங்கும். சாப்பாட்டுக்குப் பின் ஏறுவதற்கு வழி வேறு: சாப்பாட்டை மாற்ற வேண்டும், அல்லது டாக்டர் வேறு மருந்து சேர்க்க வேண்டும். டோஸைப் பொதுவாக மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் போல மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். அம்மாவுக்கு எப்படி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, போடும் முறை. புது ஊசியைத் திருகி மாட்டியதும் 2 யூனிட் திருப்பி, ஊசி மேலே பார்க்கும்படி பிடித்து, அடியில் உள்ள பட்டனை அழுத்துங்கள். ஊசி நுனியில் ஒரு சொட்டு உருண்டு நிற்க வேண்டும். அந்தச் சொட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் 10 யூனிட் திருப்ப வேண்டும். சொட்டு வராவிட்டால் இன்னொரு முறை 2 யூனிட் விட்டுப் பாருங்கள். 4 மில்லிமீட்டர் ஊசி கேட்டு வாங்கினால் வயிற்றில் நேராகக் குத்தலாம், பெரும்பாலும் தோலைக் கிள்ளிப் பிடிக்கத் தேவைப்படாது. பட்டனை முழுக்க அழுத்தி, எண் பூஜ்யத்துக்கு வந்தபின் மெதுவாகப் பத்து எண்ணி அப்புறம் ஊசியை எடுங்கள். உடனே எடுத்தால் மருந்து தோலின் மேல் வழியும். வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே வைத்தால் உள்ளே காற்றுக்குமிழி சேரும், மருந்தும் கசியும்.

இடத்தை மாற்றிப் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பெரியப்பா தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில்தான் போடுவார். அங்கே வலிக்காது என்பார். ஒருநாள் டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார், தோலுக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று ஒரு கட்டி. ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு தடித்திருந்தது. அதில் போகும் இன்சுலின் ஒருநாள் உறிஞ்சும், ஒருநாள் உறிஞ்சாது. நல்ல இடத்துக்கு மாற்றும்போது அதே யூனிட் பலமாக வேலை செய்யும் என்று சொல்லி, டோஸைக் குறைத்துத்தான் டாக்டர் இடத்தை மாற்றினார். அம்மாவுக்குத் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டு, வாரத்துக்கு வயிற்றின் ஒரு பகுதி, அதற்குள் நாளுக்கு ஓர் இடம் என்று பழக்கிவிடுங்கள்.

திறக்காத பேனா பிரிட்ஜில், பிரீஸர் பக்கம் ஒட்டாமல் இருக்கட்டும். உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்த லான்டஸ் பேனாவை வெளியிலேயே, 30 டிகிரிக்குக் கீழே வைத்து 28 நாள் வரைதான் பயன்படுத்தலாம். மருந்து மிச்சம் இருந்தாலும் அதற்குமேல் வேண்டாம், திறந்த தேதியைப் பேனாமேல் எழுதிவிடுங்கள். நம் ஊர் மே மாத வெயிலுக்குத் தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள், பேனா நனையாதபடி ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்ல வழி.

பேனா மக்கர் செய்தால் அதிலிருந்து சாதாரண சிரிஞ்சில் உறிஞ்சிப் போடவே கூடாது. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சின் கோடுகளும் அந்தக் கணக்கு. பேனாவில் இருப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். உயிருக்கே ஆபத்து. புதுப் பேனா கைவசம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

லோ சுகர் எப்படி இருக்கும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல். மீட்டரில் 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு அழையுங்கள். அம்மா கிளிமிபிரைட் (கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும்) மாத்திரையும் எடுக்கிறார் என்றால் லோ ஆக வாய்ப்பு அதிகம், முதல் சில வாரம் ஓரிரு முறை அதிகாலை 3 மணிக்கும் பார்த்துவிடுங்கள். ஒருநாள் போட மறந்தால் மறுநாள் இரண்டு மடங்கு போடக் கூடாது.

காலைச் சுகரையும் இரவு யூனிட்டையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை போகும்போது எடுத்துப் போங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அதையும் காட்டுங்கள். சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், டோஸை அதற்குத் தக்கபடி குறைப்பார்கள்.